ஸ்பேனரை எடுக்கும் முன் சிஓஇ தேதியைப் பாருங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சொந்தக் கையால் பராமரிக்க ஒரு வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கிவிட்டீர்கள், அல்லது வாங்கும் முடிவில் இருக்கிறீர்கள். கை சும்மா இருக்காது. எக்ஸாஸ்ட் மாற்றலாமா, காரைக் கொஞ்சம் தாழ்த்தலாமா, எந்த ரிம் எடுப்பாக இருக்கும் என்று பாதி ராத்திரி வரை ஃபோனில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வேறு ஊர்க்காரர்கள் போடும் வீடியோக்களில் சொல்லாத ஒரு விஷயம் நம் சிங்கப்பூரில் இருக்கிறது. காரில் என்ன செய்யலாம், எதற்குச் செலவழிப்பது வீண் என்பதை இங்கே பெரும்பாலும் சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கக் காலவரம்போடு கிடைக்கும் உரிமைச் சான்றிதழ்தான் முடிவு செய்கிறது.

இந்தக் கட்டுரையில் டொயோட்டா 86ஐ உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பின்சக்கர இழுவை, 2 லிட்டர் பாக்ஸர் இஞ்சின், 200 குதிரைத்திறன், உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டாம். சுபாரு பிஆர்இசட் வைத்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட எல்லாம் பொருந்தும். வேறு கார் என்றால் அளவுகளை அந்தக் காரின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதலில் கணக்கு

86 வந்தது 2012இல். அந்த ஆண்டுப் பதிவுக் கார் ஒன்று இன்றும் சாலையில் ஓடுகிறது என்றால் பத்தாண்டு முடிந்து, பிகியூபி கட்டிப் புதுப்பித்தது என்று அர்த்தம். பிகியூபி என்பது கடந்த மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரி. முழுத் தொகை கட்டி 10 ஆண்டுக்கு எடுத்திருந்தால் அது முடிந்ததும் மறுபடியும் புதுப்பிக்கலாம். பாதி கட்டி 5 ஆண்டுக்கு எடுத்திருந்தால் அத்தோடு சரி, கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஸ்க்ராப் அல்லது ஏற்றுமதிதான். விளம்பரத்தில் சிஓஇ எந்த ஆண்டு வரை என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள், ஐந்தா பத்தா என்று நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். புதுப்பித்த காருக்கு, பதிவை ரத்து செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் கழிவு கிடையாது. பத்து வயது தாண்டினால் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல் விழும், அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கும். பரிசோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது மாறி ஆண்டுதோறும் என்றாகிவிடும்.

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒன்றரை ஆண்டு மட்டும் மிச்சம் இருக்கும் காருக்கு இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி போட்டுச் சஸ்பென்ஷன் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காருக்கு ஆயில், பிரேக், டயர் போதும், மீதிப் பணத்துக்குப் பெட்ரோல் போட்டு ஓட்டி அனுபவிக்கலாம். நான்கு ஆண்டுக்கு மேல் இருந்தால் சஸ்பென்ஷன், கிளட்ச் என்று யோசிக்கலாம். நடுவில் இருப்பவர்கள், புதிதாக எதையும் மாட்டுவதற்கு முன் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் ஒழுங்காக ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பத்து வயதுக் காரில் தேய்ந்த புஷ், காய்ந்த டயர், பழைய பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றினாலே வேறு கார் மாதிரி இருக்கும். இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, செய்து பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள்.

வாங்கும்போதும் வாங்கிய வாரத்திலும்

விற்பவரிடம், "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆறிய இஞ்சின்தான் உண்மையைப் பேசும். 86இல் ஐடிலில் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் வரும், அது பெட்ரோலை உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்பின் சத்தம், பயப்பட வேண்டாம். ஐடில் ஒரே சீராக இல்லாமல் தடுமாறினால் இஞ்செக்டர் சீலைச் சந்தேகப்படுங்கள், தொடக்க ஆண்டுக் கார்களில் அது தெரிந்த கோளாறு. இஞ்சினின் முன்பக்கம், செயின் மூடியின் விளிம்பில் டார்ச் அடித்து ஆயில் கசிவு இருக்கிறதா பாருங்கள். கிளட்சை மிதித்து விடும்போது கீறிச்சிட்டால் பேரிங்கோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. பின்விளக்குக்குள் நீர்த்துளி கோத்திருப்பதும் இந்தக் காரின் பிறவிக் குணம்.

2018இல் வால்வ் ஸ்பிரிங்குக்காக டொயோட்டாவும் சுபாருவும் ரீகால் அறிவித்தன. சேஸி எண்ணைக் கொடுத்து உங்கள் கார் அதில் வருமா, வந்தால் வேலை நடந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இஞ்சினை இறக்கிச் செய்யும் வேலை அது, யார் செய்தார்கள் என்பதும் முக்கியம்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. வாரக்கடைசியில் மட்டும் ஓடிய காரில் டயர் தேய்ந்திருக்காது, ஆனால் வயதாகி ரப்பர் கெட்டியாகியிருக்கும், மழையில் அது பிளாஸ்டிக். சட்டப்படி டயரின் காடி ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்பது உண்மைதான், நவம்பர் மழையில் தீவு விரைவுச்சாலையில் போய்ப் பாருங்கள், அந்த அளவு போதுமா என்று தெரியும்.

எங்கே வைத்து வேலை செய்வது

வீவக அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். காற்று அடிப்பது, ஆயில் அளவு பார்ப்பது, கேபின் ஃபில்டர் மாற்றுவது, இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜாக்கில் ஏற்றி ஆயில் வடிக்கிற இடம் அது இல்லை, அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான். மணிக்கணக்கில் இடமும் கருவியும் வாடகைக்குத் தரும் பட்டறைகள் இங்கே உண்டு, லிஃப்ட்டும் இருக்கும். அல்லது சின் மிங், காக்கி புக்கிட், சுங்கை காடுட் பக்கம் ஒரு சின்னப் பட்டறை முதலாளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத பிற்பகலில் ஓரமாக ஒரு இடம் கொடுங்கள் பாஸ், நான் வாங்கி வந்த ஆயிலை நானே மாற்றிக்கொள்கிறேன், கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். சிலர் முறைப்பார்கள், சிலர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். அப்படிச் சரி என்கிறவர் உங்களுக்கு ஆயுளுக்கும் வேண்டும். சிக்கிக்கொண்ட போல்ட்டை ஒரே நிமிடத்தில் கழற்றித் தர அவரிடம் ஆள் இருக்கும்.

பழைய ஆயிலையும் அவரிடமே கொடுத்துவிடலாம், உரிமம் பெற்ற நிறுவனம் வந்து எடுத்துப் போகும். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, வாய்க்காலில் விழுவது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

கருவிகளில் கஞ்சத்தனம் காட்டக்கூடாதவை இரண்டு. ஒன்று டார்க் ரெஞ்ச், இன்னொன்று ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி. மற்ற சாக்கெட், ஸ்பேனர், ஃபில்டர் கப் எல்லாம் நடுத்தர விலையில் போதும். ஜாக்கை வாங்கும்போது தாழ்வான கார்களுக்கானதைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் காரின் அடியில் நுழையவே நுழையாது. வெறும் ஜாக்கை நம்பிக் காரின் அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டை வைத்து, காரை ஒரு முறை கையால் ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும். இதில் சமாதானமே கிடையாது.

ஆயில் மாற்றுவது

முதல் வேலையாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். 86க்கு ஃபில்டரோடு சேர்த்து 5.4 லிட்டர் பிடிக்கும். தொழிற்சாலை சொல்வது 0டபிள்யூ-20 என்ற தர ஆயில். தினமும் வேலைக்குப் போய்வர அது போதும், மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடம் பக்கம் போகிற ஆசை இருந்தால் 5டபிள்யூ-30க்கு மாறுகிறவர்கள் அதிகம்.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், ஆயில் இளகினால் போதும், கொதிக்கக் கூடாது. காரை ஏற்றி ஸ்டாண்டில் உட்கார வைத்து, மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து விடுங்கள். கீழே வடிகால் போல்ட்டைக் கழற்றும் முன் ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள், அது இஞ்சினுடையதுதானா, பின்னால் இருக்கும் கியர்பாக்ஸுடையதா என்று. இஞ்சின் ஆயிலுக்குப் பதில் கியர் ஆயிலை வடித்துவிட்டு, அதே சூட்டில் இஞ்சினில் இன்னொரு 5 லிட்டர் ஊற்றினால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபில்டர் இந்த இஞ்சினில் மேலேயே நிற்கிறது, பானெட்டைத் திறந்தால் கண்ணெதிரே. செய்தவர் வாழ்க. ஆனால் நிமிர்ந்து நிற்பதால் கழற்றினால் உள்ளே இருக்கும் ஆயில் சுற்றிலும் வழியும். அதைச் சுற்றிப் பழைய துணியை நன்றாகத் திணித்துவிட்டு, அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, சில நிமிடம் அப்படியே விடுங்கள். காற்று புகுந்து ஆயில் தானாகக் கீழே இறங்கிவிடும். பிறகு கழற்றினால் துணி லேசாக நனைவதோடு போகும். கழற்றியதும் பழைய ஃபில்டரின் அடியைப் பாருங்கள், ரப்பர் வளையம் அதோடு வந்திருக்கிறதா? வராமல் இஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்து, அதன் மேலேயே புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் பீய்ச்சியடிக்கும். புதிய வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால் இறுகும் வரை திருகி, அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஃபில்டர் பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து இறுக்குங்கள். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஆயில் சட்டி அலுமினியமோ தகரமோ, ஒரேயடியாக முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் சின்னச் செலவு பெரிய செலவு.

முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, காரைச் சமதளத்தில் இறக்கி, பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் குச்சியில் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை? நம் ஊர்ச் சூட்டுக்கும் நெரிசலுக்கும் எட்டாயிரம் அல்லது ஆண்டுக்கு ஒன்று, எது முதலில் வருகிறதோ அது. இது என் கணக்கு, இன்னும் சீக்கிரம் மாற்றுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

பிரேக் ஆயில்

பானெட்டைத் திறந்து அந்த வெள்ளை டப்பாவைப் பாருங்கள். உள்ளே இருப்பது வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. கோப்பி-ஓ மாதிரி இருந்தால் எந்த மேம்பாட்டுக்கும் முன்னால் இதைத்தான் மாற்ற வேண்டும். இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 என்ற தரத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்த பின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 இன்னும் மோசம், 205இலிருந்து 140. கடுமையாக இரண்டு மூன்று முறை பிரேக் அடித்தால் உள்ளே குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 4 அல்லது 5.1 வாங்குங்கள், டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிகான், இதனோடு சேராது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். மச்சானைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள். நீங்கள் சக்கரத்தருகே, பிரேக் காலிப்பரில் திரவத்தை வெளியே விடும் நிப்பிளில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புதுத் திரவம் இருக்கும் பாட்டிலில் முக்கி வைத்துக்கொள்ளுங்கள். "மிதி." அவர் மிதிப்பார். "பிடிச்சுக்கோ மச்சான், நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே." நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் பழுப்புத் திரவம் குழாயில் ஓடும், பெடல் தரை வரை போகும். மூடிவிட்டு, "விடு." இதே மாதிரி, குழாயில் தெளிந்த நிறம் வந்து குமிழி நிற்கும் வரை. மூடுவதற்கு முன் அவர் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும், அதனால் ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நடு நடுவே மேலே டப்பாவில் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். அது காலியாகி ஏபிஎஸ் வரை காற்று போய்விட்டால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். சக்கர வரிசை மேனுவலில் இருக்கும். பெயிண்டில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயிண்டைத் தின்றுவிடும்.

முடிந்ததும் காரை நகர்த்தும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள், கல் மாதிரி நிற்க வேண்டும். முதல் முறை செய்கிறீர்கள் என்றால் அந்தப் பட்டறை பாஸை ஒரு தடவை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் விஷயத்தில் கூச்சம் வேண்டாம்.

மற்ற சில்லறை வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றும்போது முதலில் ஊற்றும் துவாரத்தின் போல்ட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வடிகாலைத் திறக்க வேண்டும், மேல் போல்ட் துருவில் சிக்கியிருந்து கீழே எல்லாம் வடிந்துவிட்டால் கார் அங்கேயே கிடக்கும். கூலண்டில் இரண்டு நிறத்தைக் கலக்காதீர்கள், சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஓடாமல் நிற்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். சிவப்புத் தட்டுக் கார், அதாவது நெரிசல் நேரத்தில் ஓட்ட முடியாத கார் என்றால் வார நாள் பகலில் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும், பேட்டரி சீக்கிரம் உட்கார்ந்துவிடும். கேபின் ஃபில்டர் பயணி பக்கத்து டேஷ்போர்டு அறைக்குப் பின்னால். அங்கேயே கால் வைக்கும் இடத்தில் சாலைக் கட்டணம் வசூலிக்கும் புதிய ஈஆர்பி கருவியின் பெட்டியும் வயரும் இருக்கும், அதை இழுக்கவோ வெட்டவோ அதிலிருந்து கேமராவுக்கு மின்சாரம் எடுக்கவோ கூடாது.

இனி மேம்பாடு

86 தொழிற்சாலையிலிருந்து 215/45 ஆர்17 மிஷலின் பிரைமசி டயரோடு வந்தது, வேண்டுமென்றே பிடிப்புக் குறைந்த டயர், வால் ஆட்டி விளையாடுவதற்கு. நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் நான்கு போட்டாலே உங்கள் பணத்துக்கு அதிக மாற்றம் தெரியும். பாதி ஸ்லிக் டயர் வேண்டாம், இங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அடுத்தது பிரேக் பேட். தெருவுக்கும் எப்போதாவது பந்தயத்தடத்துக்கும் ஆன நடுத்தர வகை போதும், பந்தயப் பேட் காலையில் சூடாகும் முன் பிடிக்காது, சத்தமும் காது கிழியும். புதுப் பேட் போட்டதும் ஞாயிறு காலை லாரி இல்லாத தொழிற்பேட்டைச் சாலையில், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, 50 கிலோமீட்டரிலிருந்து 10க்கு மென்மையாகச் சில முறை குறைத்து, இடையில் ஆற விட்டுப் பழக்குங்கள். மூன்றாவது வீல் அலைன்மெண்ட். அதற்கப்புறம்தான் சஸ்பென்ஷன், அதுவும் சிஓஇ மிச்சம் இருந்தால். காரை ரொம்பத் தாழ்த்திவிட்டு, பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் முன் பம்பரைத் தேய்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

எக்ஸாஸ்ட், இஞ்சின், டர்போ போன்றவற்றில் கை வைக்க நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டாதவை, வேண்டியவை, அறவே கூடாதவை என்று அவர்கள் தளத்தில் மூன்றாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், வாங்கும் முன் அதைப் படியுங்கள். ஹாலஜன் விளக்கில் ஹெச்ஐடி பல்ப் சொருகுவது, அலங்கார விளக்கு எல்லாம் கூடாத பட்டியல். கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிம் முன்பக்கக் கண்ணாடியிலும் முன் ஜன்னல்களிலும் 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும், பின் பக்கங்களில் 25 விழுக்காடு. டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக் கூடாது. என்ன மாட்டினாலும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பின் அவர்களாகக் கண்டுபிடித்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

உதிரிப்பாகத்துக்கு ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்கள் நிறைய. போகும்போது டாங்கி முக்கால் இருக்க வேண்டும், விஈபி என்ற வாகன நுழைவு அனுமதி இருக்க வேண்டும், அங்கே நம் கார்களுக்கு 95 ரகப் பெட்ரோல் போடக் கூடாது, 97தான். இரண்டு நாளுக்குள் திரும்பினால் 100 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அங்கேயே மாட்டிக்கொண்டு வரலாம், ஆனால் கழற்றிய ஒரிஜினல் பாகத்தை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். பரிசோதனைக்கு முன் திருப்பி மாட்ட வேண்டி வரலாம். பழைய ரிம்மையும் எக்ஸாஸ்ட்டையும் வீட்டு வாசல் நடைபாதையில் அடுக்கினால் நகர மன்றம் வந்து நிற்கும், அதனால் பாம் ஷெல்டரில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எந்த பில்லையும் தூக்கிப் போடாமல், தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரே உறையில் வைத்தால் போதும். விற்கும் நாளில் ஒரிஜினல் பாகங்களைத் திருப்பி மாட்டிவிட்டு, நீங்கள் வாங்கிப் போட்டதைத் தனியாக விற்றால் கையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.